ஜாம் ஆவணும் தாயே

போணி ஆவதற்கு முன்னால் ரோட்டைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றுவது என் வழக்கம். திண்டிவனம் கூட்டுரோட்டில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வேகவைத்து விற்கிற எல்லாப் பொம்பளைகளும் செய்வதுதான். "இன்னிக்கு நல்லா ஜாம் ஆவணும் தாயே" என்று வேண்டிக்கொள்வோம். பறக்கிற காரில் எவன் மல்லாட்டை வாங்குவான்? வண்டி நின்றால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

என் மகள் சங்கவிக்கு ஏழு வயது. இரண்டு வருஷமாக வீசிங். விழுப்புரத்து டாக்டரம்மா போன வாரம்தான் சொன்னார்கள்: "மழ, பனியெல்லாம் இப்ப மாசம் மாறி மாறி வருதும்மா. பனி மூடினா வண்டிப் புகை மேல போவாம கீழயே நின்னுடும். பாப்பாவ ரோட்டுப் பக்கம் கூட்டிக்கினு போவாதீங்க."

கூட்டிக்கொண்டு போகக் கூடாதாம்! என் வீட்டு வாசலே ரோடுதான். பிள்ளையைத் தூக்கி ஆகாசத்திலா வைப்பேன்? ஆத்திரமாக வந்தது. அந்தம்மாவைக் கோபித்து என்ன புண்ணியம்?

போகிக்கு முதல் நாள் காலை. சென்னையே பொங்கலுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனி. சங்கவியை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஏற்றின கற்பூரம் அணைவதற்குள் ஜாம் ஆகிவிட்டது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பொட்டலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். பாதிப் பை காலியாகும்போது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தாண்டவராயன் அண்ணன் கத்தினார்.

"அம்பிகா, ஜல்தி வா! பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது!"

சாத்திய கதவு புகையை நிறுத்தவில்லை. சங்கவி பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போனது. பம்பு மருந்தை அடித்தேன், மறுபடியும் அடித்தேன். கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்தது.

அண்ணன் ஆட்டோவில் ஏற்றினார். பத்தடி போவதற்குள் முன்னால் லாரி, பின்னால் பஸ்.

"ஆம்புலன்ஸ கூப்டாலும் இதுலதாம்மா மாட்டிக்கினு நிக்கும். தூக்கிக்கினு ஓடு" என்றார். அவர் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்தது.

வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். எல்லாரும் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை புகையும் பிள்ளையின் முகத்தில்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்கய்யா! கொழந்த சாவுதுய்யா!"

ஒரே ஒரு கண்ணாடி இறங்கியது. "கடலையா அக்கா? ரெண்டு குடுங்க." பை இன்னும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சங்கவி என் கழுத்தில் வாயை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அம்மா... நாளைக்கி... கற்பூரம்... வாணாம்மா."

"ஏத்த மாட்டேன் கண்ணு. இனிமே ஏத்தவே மாட்டேன்."

ஆஸ்பத்திரி இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. இந்த ஜாமைக் கலைத்துவிடு தாயே என்று கும்பிடக்கூட முடியவில்லை. இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.