தாகத்துக்கு முந்தி

லோறன்ஸ் வந்து கேட்ட அண்டைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு, உரிச்சுக்கொண்டிருந்த வெங்காயக் கூடையை அவன்ரை தலையிலை கவிட்டிருப்பன். பிரெஞ்சுக்காரற்றை ஊரிலை, ரூ காய் எண்ட தெருவிலை நான் வேலை செய்யிற சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள்ளை வந்து நிண்டு, "ராணியக்கா, பெரிய வெள்ளிக்கு ஆண்டவற்றை குரலை எனக்குச் சொல்லித் தாங்கோவன்" எண்டு, என்னவோ கறித்தூள் கேக்கிறமாதிரிக் கேக்கிறான்.

"ஏன், உன்ரை குரலுக்கு என்ன வந்தது?" எண்டன்.

மன்னாரிலை எங்கடை ஊரிலை அவன்ரை குடும்பம் தலைமுறை தலைமுறையாய்க் கூட்டத்தின்ரை குரல். ஆண்டவரைச் சிலுவையிலை அறையச்சொல்லிக் கத்துறதுதான் அவையின்ரை உரித்து. அதையும் ஒழுங்காய்ப் பாடாமல் இளம் வயதிலேயே கப்பலுக்குப் போனவன்.

எங்கடை ஊர் வழக்கம் அப்பிடி. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலை கத்தோலிக்கருக்குச் சுவாமியாரும் இல்லை, புத்தகம் வைச்சிருக்கவும் பயமாம். அப்ப எங்கடை ஆக்கள் பெரிய வெள்ளியிலை பாடுற ஆண்டவற்றை பாடுகளின்ரை வரலாற்றை வீட்டுக்கு வீடு பிரிச்சு, வாயிலை வைச்சுக் காப்பாத்தினவையாம். ஒரு வீட்டுக்குப் பிலாத்து, ஒரு வீட்டுக்கு இராயப்பர். கதை சொல்லுற குரல் வலன்ரைன் அண்ணை வீட்டுக்கு. ஆண்டவற்றை குரல் என்ரை மனுசன் நீக்கிலாஸ் வீட்டுக்கு. உரிமைக்காரன் கண்மூடினாப் பிறகுதான் குரல் கைமாறும். அதிலை மாற்றமில்லை.

நீக்கிலாஸ் எண்பத்தஞ்சாம் ஆண்டு கடலுக்குப் போனவர், இன்னும் வரேல்லை. வரேல்லை எண்டுதான் நான் சொல்லுறனான். சனம் வேறை சொல்லுச் சொல்லும். லோறன்ஸுக்குச் சொல்லிக் குடுத்தா, நானே அவரைக் குழிக்குள்ளை இறக்கி மண் போட்டமாதிரி. "போடா, வேலையைப் பார்" எண்டு கலைச்சுவிட்டன்.

புதுச்சேரி மரி-லூயிஸ் மதாம், இங்கை தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்தவ, நாங்கள் இங்கையும் பாடுகள் பாடப்போறம் எண்டு கேள்விப்பட்டு, எங்களிலை இரக்கப்பட்டுத் தன்ரை தமிழ் வேதப்புத்தகத்தைத் துணியிலை சுத்திக் கொண்டுவந்து தந்தவ. நல்ல மனுசி. ஆனா அந்தத் தமிழ் வேறை. சொல்லு நீளுது, எங்கடை ராகம் முந்தியே முடியுது. வலன்ரைன் அண்ணை ரண்டு வரி பாடிப் பாத்திட்டு, "இது அளவு சரிவராத சப்பாத்து மாதிரி" எண்டு மூடி வைச்சிட்டார். நீக்கிலாஸின்ரை சொல்லெல்லாம் என்னட்டைத்தான் இருந்தது. ஒவ்வொரு தவக்காலமும் கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு அவர் பாட, கேட்டுக் கேட்டு ஊறினது.

லோறன்ஸைக் கலைச்ச அண்டைக்குப் பின்னேரம் லா ஷப்பெல்லிலை மெத்ரோ ஏறினன். அது பாலத்துக்கு மேலாலை போகேக்கை மஞ்சள் வெய்யில் கண்ணாடிக்குள்ளாலை மடியிலை விழும். கண் சொருகிச்சுது. பெட்டிக்குள்ளை முழங்கால் மட்டும் தண்ணி. ஒருதரும் அந்தரப்படேல்லை. கம்பளி போத்த ஒருத்தர் ஆட்டுத் தோலிலை எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலை ஒரு மனுசி எதையோ முந்தானையிலை முடிஞ்சுகொண்டிருக்கிறா. எல்லாற்றை வாயும் மெல்ல அசையுது. ஒருத்தர் சொல்ல மற்றவர் வாங்கி, அடுத்தவருக்குக் குடுக்கினம், அடுப்பு மூட்டக் கொள்ளி வாங்கிறமாதிரி. கடைசியாய் நீக்கிலாஸ். சாரம் ஈரம். எனக்குப் பக்கத்திலை வந்திருந்து, ஆண்டவர் பிலாத்துவுக்குச் சொல்லுற மறுமொழியைப் பாடத் துடங்கினார். நடுவிலை நிப்பாட்டி என்னைப் பாத்தார். நான் எடுத்துக் குடுக்கவேணும். எனக்கு வரேல்லை.

முழிச்சாப் பிறகும் வரேல்லை. இறங்கிற இடம் தாண்டிப் போச்சுது, நான் அதையும் கவனிக்கேல்லை. நான் காக்கிறன், நான் காக்கிறன் எண்டு பொத்தி வைச்சிருந்தது எனக்குத் தெரியாமலே ஒழுகிப்போகுது. அந்தப் பயத்தை என்னெண்டு சொல்ல. அவர் கடலிலை போனது ஒண்டு, என்ரை வாயிலையும் போறதெண்டா நான் தாங்கமாட்டன்.

அடுத்த நாள் மரி-லூயிஸ் மதாமின்ரை வீட்டை போய், அந்த இடத்தை வாசிக்கச் சொன்னன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவ தன்ரை தமிழிலை ஆறுதலாய் வாசிச்சா. அவவின்ரை சொல்லுக்குப் பின்னாலை எங்கடை சொல்லு ஒவ்வொண்டாய் எழும்பி வந்தது. நான் அழுத அழுகையைப் பாத்து அந்த மனுசி பயந்துபோச்சுது.

லோறன்ஸைக் கூப்பிட்டன். "வா, படி. ஆனா அவர் செத்திட்டார் எண்டு ஒரு சொல்லுச் சொன்னியெண்டா, உன்னை உரிச்சுப்போடுவன்" எண்டன். அவன் ஓம் எண்டு தலையாட்டினான். பின்னேரங்களிலை வந்து படிச்சான். விசரன் எண்டாலும் நல்ல தொண்டை.

எல்லாம் குடுத்தன், ஒண்டைத் தவிர.

எங்களுக்குக் கலியாணம் பேசி முடிச்ச வருசம், பெரிய வெள்ளிப் பாடுகளிலை, கதை சொல்லுற குரல் "சொன்னதாவது" எண்டு நிப்பாட்ட, நீக்கிலாஸ் ஆண்டவர் சிலுவையிலை சொல்லுற தாகம் எண்ட வரியைப் பாடவேணும். உள்ளதுக்குள்ளை சின்ன வரி. மனுசன் பெண்கள் பக்கம் திரும்பி என்னைக் கண்டவர், சொல்லு மறந்துபோச்சுது. கோயில் அப்பிடியே உறைஞ்சு நிண்டது. ஆரோ ஒரு கிழவி, அவர் பக்தியிலை நிப்பாட்டினவர் எண்டு நினைச்சு முழங்காலிலை விழ, முழுக் கோயிலும் விழுந்தது. அடுத்த வருசமும் சனம் அந்த இடத்திலை முழங்காலிலை நிண்டு காத்திருந்தது. பேந்து அதுவே முறையாய்ப் போச்சுது; லோறன்ஸ் கப்பலுக்குப் போனாப் பிறகு வந்தது, அவனுக்குத் தெரியாது. "உன்னாலை வந்த வினை" எண்டு எனக்கு மட்டும் சொல்லிச் சிரிப்பார். அந்த மறதி எங்கடை வீட்டுச் சொத்து. அதை நான் ஏன் லோறன்ஸுக்குக் குடுப்பான்? இத்தினை வருசத்திலை சனமும் அதை மறந்திருக்கும் எண்டு நினைச்சன்.

பெரிய வெள்ளி வந்தது. கேட்டு வாங்கின சின்னக் கோயில். எபினே, பியர்ஃபித் எண்ட புறநகருகளிலை சிதறிக் கிடந்த எங்கடை ஊர்ச்சனம் ஈரக் கோட்டோடை வந்து நிண்டது. வலன்ரைன் அண்ணையின்ரை குரல் தூக்கத்திலை கேக்கிறமாதிரி எங்கையோ இருந்து வந்தது. லோறன்ஸ் பிழை விடேல்லை. கண்ணை மூடினா கடற்கரை மணம் அடிச்சது.

"சொன்னதாவது" எண்டு வலன்ரைன் அண்ணை நிப்பாட்டினார். லோறன்ஸ் வாயைத் திறக்க முந்தி, சனம் முழுக்கப் பலகைத் தரையிலை முழங்காலிலை விழுந்தது. அவன் திகைச்சு என்னைப் பாத்தான். நான் மட்டுந்தான் நிண்டுகொண்டிருந்தன். ஒருதரும் அசையேல்லை. இருமல்கூட இல்லை. அந்த மௌனத்துக்குள்ளை நீக்கிலாஸ் நிண்டு, சொல்லு வராமல் என்னைப் பாத்துக்கொண்டிருந்தார், இருபத்தேழு வயதுப் பெடியனாய். எனக்கு மட்டும் எண்டு வைச்சிருந்ததை இந்தச் சனம் எப்பவோ எடுத்துப் பத்திரமாய் வைச்சிருக்குது.

நானும் முழங்காலிலை நிண்டன். லோறன்ஸுக்குத் தலையாட்டினன். அவன் தாகத்தைப் பாடினான்.

வெளியிலை வரேக்கை மரி-லூயிஸ் மதாம் என்ரை கையைப் பிடிச்சா. "எங்க புஸ்தகத்துல அந்த எடத்துல முழங்கால் போடணும்னு ஒண்ணும் இல்லியே மதாம். உங்க வேதத்துல இருக்கா?"

"ஓம்" எண்டன். "எங்கடை வேதத்திலை இருக்கு."