கிழக் காளையின் கிடாரிகள்

சோதனைக்கூடத்திலிருந்து வந்த தாளை மாட்டு டாக்டர் பெரியவர் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து, பறந்துவிடப் போகிறது என்பதுபோல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, செத்துப் பிறந்த ரெண்டு கன்னுக்கும் அப்பன் ஒருத்தன்தான். நீங்க விந்துக் குச்சி வாங்கின வெளியூர்க் காளை இல்ல. உங்க கொட்டகையிலயே கட்டியிருக்கிற கிழவன்."

"என்ன பேசுறீங்க டாக்டர்? அந்தக் கிடாரிங்களைப் பெத்தவனே கிழவன்தானே!"

"அதனாலதான் ரெண்டும் கால் மடங்காம, கட்டை மாதிரி வந்துச்சு. அப்பனும் மகளும் சேர்ந்தா, ரத்தத்துல ஒளிஞ்சு கிடக்கிற கோளாறு வெளியே வந்துடும். வால் முடியோட வேர்லேர்ந்து எடுத்த சோதனை. அது யாருக்கும் பயந்து பேசாது."

பெரியவர் நாற்காலியில் சாயவில்லை. அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை. அவர் வீட்டு மாடு என்றால் வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை, தாள் கேட்பதில்லை. "பெரியவர் சொன்னாரா? சரி, ஓட்டிட்டு வா" என்பதோடு பேரம் முடிந்துவிடும். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

அதே கிழவனுக்குப் பிறந்து, அதே சமயத்தில் சினையான ஒன்பது கிடாரிகள் ஒன்பது வீடுகளுக்குப் போயிருந்தன. எல்லாம் இந்த மாதம் ஈனவேண்டியவை.

"ஒன்பதுக்கும் இப்படித்தான் வருமா?"

"எல்லாத்துக்கும் வராது. எதுக்கு வரும்னு இப்ப சொல்ல முடியாது. முன்கூட்டியே தெரிஞ்சு நான் பக்கத்துல இருந்தா, வயித்தைக் கிழிச்சாவது தாயைக் காப்பாத்திடலாம். தெரியாம நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தா, உங்க முதல் கிடாரி போன மாதிரிதான். ரெண்டு உயிரும் போகும்."

பெரியவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது, பால் கறக்கும் இயந்திரத்தின் குழாய்களை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார் சின்னவர். பெரியவருக்கு ஒரே தம்பி. பதினெட்டு வருடமாக அந்தப் பண்ணை மாடுகளுக்கும், வாங்கிப் போனவர்களின் மாடுகளுக்கும் சினை ஊசி போடுவது அவர்தான். கை அவ்வளவு சுத்தம் என்று பெயர்.

"கிழவனை அவுத்து விட்டியா?"

சின்னவர் குழாயைக் கீழே வைத்தார். பொய் சொல்லப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"விட்டேன்."

"ஏன்டா?"

"குச்சியை உறைய வெச்சிருக்கிற நைட்ரஜன் கேன் வத்திப்போச்சு அண்ணா. போன வருஷம் நீங்க கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தீங்களே, அப்ப. நைட்ரஜன் வண்டி ரெண்டு தடவை வந்து, அறை பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிடுச்சு. உள்ள இருந்த குச்சி அத்தனையும் செத்துப்போச்சு. நான் உங்களுக்கு போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. விந்துக் குச்சி வைத்திருக்கும் அறையின் சாவி அந்த வீட்டில் மூத்தவர் இடுப்பை விட்டு இறங்காது; கூடப்பிறந்தவன் கைக்கும் போகாது. கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு பெரியவர் போனில் சொன்னது இதுதான்: "நான் வந்துதான் திறப்பேன். அந்தப் பூட்டை எவனாவது தொட்டான்னு தெரிஞ்சா கையை ஒடிச்சிடுவேன்."

"வந்ததும் சொல்லியிருக்கலாமேடா."

"எப்படிச் சொல்றது? இத்தனாம் மாசம் கன்னு போடும்னு ஒன்பது வீட்டுக்கும் முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டீங்க. வாக்குத் தவறினா நீங்க சோறு தின்பீங்களா? உங்க மானத்தைத்தான் காப்பாத்தினேன்."

"பெத்தவன்கிட்டயே மகளை விட்டா காப்பாத்தினே என் மானத்தை?"

சின்னவர் குழாயை எடுத்து மறுபடி வெந்நீரில் முக்கினார். மெல்லிய குரலில் சொன்னார்: "விட்டுடுங்க அண்ணா. எந்த வீட்லயும் ஒண்ணு ரெண்டு கன்னு செத்துத்தான் பிறக்குது. நம்மளை யாரும் கேட்கப் போறதில்ல."

"வண்டியை எடு" என்றார் பெரியவர்.

முதல் வீடு பால்காரம்மாவுடையது. கணவன் இறந்த பிறகு இரண்டு மாடுகளை வைத்துக் கடைகளுக்குப் பால் ஊற்றி மகளைப் படிக்கவைப்பவள். இரண்டும் பெரியவர் வீட்டு மாடுகள். மூன்றாவதாக வந்தது இந்தக் கிடாரி. மடி இறங்கி, வயிறு சரிந்து, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

பெரியவர் வாசலிலேயே நின்று சொன்னார். "ஊசி மாறிப்போச்சும்மா. கன்னு நல்லபடியா வராமப் போகலாம். நான் வேற சினை மாடு ஓட்டிட்டு வரேன். இதைக் கொடுத்துடு."

பால்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மடியைப் பார்த்துட்டீங்களா ஐயா? யாரு கேட்டா? எந்தப் பெரிய பண்ணைக்காரன்?"

"யாரும் கேட்கல."

"உங்க வீட்ல ஊசி மாறுமா? யார்கிட்ட கதை விடுறீங்க? சூரியன் மாறி உதிச்சிடுச்சுன்னு சொல்லுங்க, நம்புறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எப்பலேர்ந்து வந்துச்சு உங்களுக்கு?"

வண்டிக்குள்ளிருந்து சின்னவர் கையைக் காட்டினார். பெரியவர் கிட்டே போனதும், "சொல்லியாச்சு, அவங்க நம்பல. நாம என்ன பண்றது? ஏறுங்க" என்றார்.

பெரியவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்லியிருந்தார். இப்போது ஏறிப் போனால் குடும்பத்தின் பேர் அப்படியே இருக்கும்.

அவர் கதவை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

இந்த முறை முழுவதும் சொன்னார். பூட்டையும், போனில் தாம் பேசியதையும், தம்பி கிழக் காளையை அவிழ்த்துவிட்டதையும், தம் கொட்டகையில் ஒரு கிடாரி ஈன முடியாமல் இரண்டு நாள் கத்தி, செத்த கன்றை இழுத்துப் போட்டதும் தானும் செத்ததையும் சொன்னார். தாளை எடுத்து நீட்டினார்.

பால்காரம்மாவின் சிரிப்பு அடங்கியது. தாளை அவள் வாங்கவில்லை.

"அப்ப மத்த ரெண்டும்? அதுங்களுக்கும் உங்க தம்பிதானே ஊசி போட்டாரு?"

"அது சரியாத்தான் இருக்கும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் நீட்டிய தாளை மடக்கினார். தெரியாது. பதினெட்டு வருடத்தில் எது எதுவென்று அவருக்கே தெரியாது.

அவள் டாக்டருக்கு போன் போட்டு உடனே வரச் சொன்னாள். வைத்துவிட்டு, "மத்த எட்டு வீடு யாருது?" என்று கேட்டாள்.

"நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

"எங்கிட்ட முதல்ல பாதிதானே சொன்னீங்க? நாலு வார்த்தையோட அங்கேயும் நிறுத்துவீங்க. அவங்களும் என்னை மாதிரி சிரிச்சிட்டு, மாட்டைக் கட்டின இடத்துலயே விட்டுடுவாங்க. உங்க வாயால வேண்டாம். ஆளைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

பெரியவர் சொன்னார். மாவு மில்காரர். பள்ளிக்கூட வாத்தியார். செங்கல் சூளை அண்ணன் தம்பிகள். ஒவ்வொரு வீடாக அவள் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"ஆமாங்க, அவங்க வீட்டுக் கிடாரிதான்... அப்பனுக்கே விட்டிருக்காங்க... இல்லங்க, புரளி இல்ல, அவரே ஒத்துக்கிட்டாரு. இதோ, எங்க வாசல்லதான் நிக்கிறாரு."

அவரை உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவரும் உட்காரவில்லை. எட்டு வீடும் முடியும்வரை, முதுகு வளையாமல், அவள் பேசுவதைக் கேட்டபடி நின்றார்.