ஞாயிற்றுக்கிழமைத் தறி

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலேயே நடந்த சபைக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தவர்களும் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு. பீடத்துக்கு இடப்பக்கம், ஸ்டூலில், பொருளாளர் சந்திரமோகன்; பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீபோர்டு பக்கத்தில், அதைவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல், பிரபாகரன். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பெண்கள் பக்கத்து முதல் பாயில் கலையரசி. மேசையருகே பேனாவோடு, சபையின் செயலாளர் அருள்தாஸ் ஆகிய நான். சுவரோரம் இருந்த கைப்பிடி நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது உபதேசியாருடையது. என் அப்பா சாகும்வரை அதில்தான் உட்கார்ந்தார்.

எங்கள் ஆயருக்குப் பல ஊர்கள். ஆரணிக்கு மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது உபதேசியார். என் அப்பாவுக்குப் பிறகு இருந்தவர் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். புது ஆளுக்கு இரண்டு பெயர்களை வரிசைப்படி எழுதி அனுப்புங்கள், ஆட்சேபணை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், முடிவு நான் செய்கிறேன் என்று ஆயர் சொல்லியிருந்தார். முதல் பெயர் என்னுடையதாக இருக்கும் என்று நம்பித்தான் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தேன்.

"கலையரசியைப் போடலாம்" என்றார் சந்திரமோகன்.

"நானும் அதான் சொல்ல வந்தேன்" என்றான் பிரபாகரன். "ஆனா யாரு வந்தாலும் பிரசங்கம் இருபது நிமிஷத்துல முடியணும். பசங்க போனை எடுத்துடறாங்க."

"உன் கீபோர்டு சவுண்டைக் கொறைச்சா போனை எடுக்கமாட்டாங்கப்பா" என்றார் சந்திரமோகன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கலையரசி ஞானஸ்நானம் பெற்றே சில வருடங்கள்தான் ஆகின்றன. கணவன் இறந்த பிறகு, மாமியார் வீட்டார் பேச்சையும் மீறி, தனியாக வந்து சேர்ந்தவள். நானோ மூன்று தலைமுறை. ஆனாலும் அவள் ஜெபிக்கத் தொடங்கினால் பின்வரிசைப் பிள்ளைகள்கூட அடங்கிவிடுவார்கள். நான் ஜெபித்தால் என் மனைவி பரிமளாவே கொட்டாவி விடுவாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் தறிகளுக்கு அமாவாசைதான் விடுமுறை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் வீடானாலும் அன்று தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த மரியாதை கிடையாது. அதனால் எங்கள் கிறிஸ்தவ நெசவு வீடுகளில் பேசாமலே ஏற்பட்ட ஒரு வழக்கம்: காலையில் ஆராதனை, மதியச் சாப்பாடு, பிறகு தறி. என் வீட்டிலும் அப்படித்தான். இப்போது முகூர்த்தச் சீசன் வந்தால் ஆராதனைக்கே பாதிப் பேர் வருவதில்லை. பவர்லூம்காரனுக்கு நாளும் இல்லை, கிழமையும் இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் பவித்ரா, "பஸ்ல போய்கினே ஆராதனையை ஆன்லைன்ல பார்த்துட்டேன்பா" என்கிறாள்.

இந்தக் காலத்தில் கலையரசி மட்டும் ஞாயிறு முழுக்கத் தறியில் உட்காரமாட்டாள். அமாவாசையன்றும் நெய்யமாட்டாள். தெருவே அடங்கியிருக்கும்போது என் தறி மட்டும் கத்தக்கூடாது என்பாள். எங்களுக்குப் பாவு நூல் தந்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்ளும் பட்டுக்காரர் மாணிக்கவேல் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அவரே எல்லோர் முன்னாலும், "அந்தப் பொண்ணுகிட்ட பாவு குடுத்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொன்னார். எங்களுக்கு அவர் தரும் பாராட்டு, "ஜல்தி முடி."

ஆகவே நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஒரு ஆட்சேபணை. கலையரசி வீட்டுத் தறி ஞாயித்துக்கிழமை ஓடுது."

"ஓடுதுண்ணா" என்றாள் அவள், சாதாரணமாக. "பக்கத்து வீட்டு சிவசங்கரி வந்து உட்காருது. அன்னிக்குக் கூலி அதுக்குத்தான். அது கும்பிடற சாமி வேற. அதுக்கு ஞாயிறும் திங்களும் ஒண்ணுதானே."

"நாம மட்டுமில்லம்மா. நம்ம வாசலுக்குள்ள இருக்கிற வேத்து ஆளும் அன்னிக்கு வேலை செய்யக்கூடாதுன்னுதான் பத்துக் கட்டளையில இருக்குது. தறி உன் தறி, வாசல் உன் வாசல்."

சொல்லி முடித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அப்பாவின் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

கலையரசி தலையைக் குனிந்து யோசித்தாள். சண்டை போடுவாள், அழுவாள், என் வீட்டுத் தறியைச் சொல்லிக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் நிமிர்ந்து, "நெஜந்தாண்ணா. எனக்குத் தோணவே இல்ல. அடுத்த வாரத்துலருந்து ஓடாது" என்றாள்.

"இவ்ளோதானா?" என்றார் சந்திரமோகன். "அப்ப எழுதிக்கோ அருள்தாஸ். ஒண்ணு கலையரசி. ரெண்டு நீ."

ரெண்டு நான். ஆனால் ஆயர் பழைய ஆள். புதிதாக வந்த ஒரு பெண்ணின் பெயர்மேல் சின்னக் கீறல் இருந்தால்கூட இரண்டாவது பெயருக்குத்தான் போவார். அது எனக்குத் தெரியும்.

வாரம் முழுக்கக் கடிதத்தை எழுதவில்லை. பரிமளா கேட்டபோது, நல்ல தாள் கிடைக்கவில்லை என்றேன்.

சனிக்கிழமை காலை சிவசங்கரி வாசலில் வந்து நின்றாள். கையில் முறம். புடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

"இன்னாண்ணா, உங்க கோயில்ல என் பேச்சை எடுத்தீங்களாமே?"

"உன்னைப் பத்தி இல்லம்மா."

"வேற யாரைப் பத்தி? ஞாயித்துக்கிழமை நான் வரக்கூடாதாம். கலையரசி வாயால ஒரு வார்த்தை உங்களைச் சொல்லல, நானா விசாரிச்சிகினு வந்தேன். சாப்ட்டு கை காயறதுக்குள்ள உங்க வீட்டுல டக்கு டக்குனு அடிக்கிறீங்களே, அது இன்னா, ஜெபமா?"

உள்ளே பரிமளா சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அதுகிட்ட, ‘போடி, எனக்கு ஒருநாள் கூலி போச்சி’ன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து அது தறியில நான் நெய்யணுமாம், கூலி எனக்காம். அதுக்கு நஷ்டம்தானே? கேட்டா சிரிக்குது. நீங்களும்தான் கிறிஸ்டீன். உங்களைப் பார்த்து யாராவது இப்டி பேஜாராயி வந்து நின்னிருக்காங்களா?"

முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய கடைசிக் கேள்விதான் என்னைச் சுட்டது. திருப்பித் திருப்பி நினைத்தேன். யாரும் வந்ததில்லை. என் விசுவாசத்தால் ஒரு மனிதனுக்கும் ஒருநாளும் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. நான் எறிந்த கல்லையும் எடுத்துப் படியாகப் போட்டுக் கலையரசி மேலே ஏறிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுத் தறியில் சிவசங்கரியின் கை வேகமாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, வறுத்த கடலை மென்றேன். ருசியே தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, வழக்கம்போல் தறிக்குழியில் கால் வைத்தேன். தெருவில் சேவூர் பக்கம்வரை எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்வரிசையில் அவள் வீடு மட்டும் அடங்கியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கலையரசி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துச் சின்னக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் அப்படி ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஓய்வு எனக்கு வேண்டும். அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள முடிந்தால் பிடுங்கியிருப்பேன்.

தறிப் பலகையை ஒரு தடவை இழுத்து அடித்தேன். என் காதுக்கே அதிகமாகக் கேட்டது. இரண்டாவது தடவை கை போகவில்லை.

"இன்னா, ஏந்துட்டீங்க?" என்றாள் பரிமளா, ஜரிகைக் கண்டை எடுத்துக்கொண்டு வந்தவள்.

"இன்னிக்கு வேணாம்."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது."

அவள் கண்டை ஆணியில் மாட்டிவிட்டு, பாயை விரித்துப் படுத்தாள். "கல்யாணம் ஆனதுலருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் படுத்ததே இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். தூங்கியும்விட்டாள். நான் உட்கார்ந்தேயிருந்தேன். ஓய்வு வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டுத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை குளித்து, மேசையைத் துடைத்து, கடிதம் எழுதினேன். தேதி, விலாசம், பொருள். முதல் பெயர் கலையரசி. இரண்டாம் பெயர் அருள்தாஸ். ஆட்சேபணை என்ற இடத்தில் பேனா நின்றது. ‘கலையரசியின் தறி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியிருக்கிறது’ என்று எழுதலாம். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆயருக்கு அந்த ஒரு வரி போதும். நாற்காலி மறுபடி எங்கள் குடும்பத்துக்கு வந்துவிடும். அதில் உட்கார்ந்தபடி அவள் முகத்தை வாராவாரம் நான் பார்க்க வேண்டியிருக்கும். அவள் அப்போதும் நன்றாகத்தான் ஜெபிப்பாள்.

‘ஒரு ஆட்சேபணை சொல்லப்பட்டது. சொன்னவன் நான். கலையரசி அதை அன்றே ஏற்று, அடுத்த வாரமே திருத்திக்கொண்டார். இப்போது ஆட்சேபணை ஏதுமில்லை’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து, அதில் மட்டும் இந்தச் சபையில் எனக்குப் போட்டி கிடையாது.

உறைக்குள் வைத்து, பசை தடவி, விரலால் நீவிக்கொண்டிருக்கும்போது கலையரசி சைக்கிளை வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, தபாலாபீஸ் பக்கம்தான் போய்கினு இருக்கேன். எதனா இருந்தா குடுங்க, போட்டுடறேன்."

அதைக்கூடவா இவளே செய்ய வேண்டும்?

"வேணாம்மா. நானே போய்க்கிறேன்" என்றேன்.

அவள் மணியடித்துவிட்டுப் போனாள். வெயிலில் நடந்தே போனேன். தபால்தலை ஒட்டி, ஓரங்களை இன்னொருமுறை அழுத்திப் பார்த்து, பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.