யாரிடமும் இல்லாத சத்தம்

இலங்கை மலைநாட்டில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் முஸ்தாக்கின் கடையில் ஜெயகுமார் வேலை பார்த்தான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவனுக்கு மூஞ்சி கோணும். பக்திப் பாட்டா, கோணும். கல்யாண வீடியோவா, கோணும். ரேடியோ விளம்பரம் என்றால் கேட்கவே வேண்டாம், வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி ஆகிவிடுவான். "பிரீசெட்!" என்பான், காறித் துப்பாத குறையாக.

விஷயம் இதுதான். இந்தக் காலத்தில் பாட்டுக்கு இசை போட வாத்தியக்காரன் எவனும் வேண்டாம். கம்ப்யூட்டரில் சிந்தசைசர் என்ற மென்பொருளை ஏற்றிவிட்டால் புல்லாங்குழலிலிருந்து இடி முழக்கம் வரை அதற்குள்ளேயே பிறக்கும். கம்பனிக்காரனே ஆயிரக்கணக்கில் சத்தங்களைச் சமைத்து உள்ளே வைத்து அனுப்புவான். பெயரைத் தொட்டால் போதும், சத்தம் வரும். அதுதான் பிரீசெட். தொடுகிறவனுக்குச் சிரமமில்லை, ஆகவே உலகமே தொடுகிறது. ஜெயகுமாரோ வெறும் ஓர் ஒலியலையை எடுத்து, வளைத்து, உரசி, வடிகட்டித் தன் சத்தத்தைத் தானே செய்கிற ஆள். அந்தத் திமிர் அவனுக்கு உச்சி மண்டை வரை ஏறியிருந்தது.

யூடியூபில் ஒரு சேனலும் வைத்திருந்தான். சிந்தசைசர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கூடவே வரும் பிரீசெட்டுகளுக்கு மார்க் போடுவான். பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அதிலும் பாதிப் பேர் முஸ்தாக்கின் சொந்தக்காரர்கள்.

விலை கூடிய ஒன்றுக்கு 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான். "தொட்ட ஒடனே பட்டு வேட்டி, பன்னீரு, பத்து வெரல்லயும் மோதரம்! தனியா கேட்டா ஐயோ அப்பான்னு இருக்கும். அம்புட்டும் எக்கோ. ஒரு பாட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிப் பாருங்க, பாடுறவ கொரலு முங்கிப் போயிரும். இத கம்பனிக்காரன் பாட்டுக்குச் செய்யலங்க, விக்கிறதுக்குச் செஞ்சான்." இலவசமாகக் கிடைப்பது 'அன்னதானம்'. "ஓசியில போடுறான், சரி. அதுக்காக சாம்பாருக்கும் பாயாசத்துக்கும் ஒரே கரண்டியா? பியானோவும் தண்ணி, வயலினும் தண்ணி." பழைய மெஷின்களைப் போலப் பாவனை காட்டும் மூன்றாவது, 'பென்ஷன்காரர்'. இருமலையும் இரைச்சலையும் சேர்த்தே விற்கிறானாம். அதன் அடித்தொனி மட்டும் பரவாயில்லை என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, அடுத்த வீடியோவில் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டான். மூன்றிலும் 'இந்தியா' என்று ஒரு பகுதி உண்டு. அதிலிருந்த நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, "மிதிபட்ட வாத்து" என்று தீர்ப்புச் சொன்னான். அது நியாயமான தீர்ப்புதான், மறுப்பதற்கில்லை.

இவ்வளவு ஏசுகிறவனுக்கு ஆசை என்னவோ ஒன்றே ஒன்றுதான். ஒரு சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் "இது ஜெயகுமாரு" என்று தேயிலைத் தோட்டத்துச் சனம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் சொல்ல வேண்டாம், பதுளை டவுன் சொல்ல வேண்டாம். தெமோதரைக்கு மேலே அவன் பிறந்த தோட்டத்தில், "கருப்பம்மா மகனா? அந்த ஸ்பீக்கர் தூக்குறவன்" என்று சொல்கிற, வரிசை வீட்டு லயத்தின் அதே வாய்கள் சொல்ல வேண்டும். அதற்காகவே அவன் மாதக்கணக்கில் ஒரு சத்தத்தைச் செய்துகொண்டிருந்தான். கொழுந்து பறித்து அலுத்து வந்த அம்மா தூங்க வேண்டுமே என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்ததால், தோட்டத்தில் ஒரு குருவிகூட அதைக் கேட்டதில்லை.

அடியில் முனகலாகத் தொடங்கும். வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். உச்சிக்குப் போய்க் கொஞ்சம் கரகரத்து, அங்கேயே நிற்கும். பிறகு மனசில்லாமல் இறங்கும். செய்து முடித்த அன்று அவன் அழுதேவிட்டான். மறுநாள் கடையில் முஸ்தாக்குக்குப் போட்டுக் காட்டினான்.

"நெஞ்சுக்குள்ளருந்து வந்தது முஸ்தாக். மாப்பிள்ளைகிட்ட இருக்கா? அன்னதானத்துல இருக்கா? எவங்கிட்டயும் இல்ல."

முஸ்தாக் தலையைச் சாய்த்துக் கேட்டான். "நல்லாத்தான் ஈக்கிது மச்சான். ஆனா எங்கயோ கேட்ட மாதிரியும் ஈக்கிது."

அன்று முழுக்க ஜெயகுமார் அவனோடு பேசவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. தேர் கிளம்பும்போது ஸ்பீக்கரில் போடும் இசையை இதுவரை யசோதினிதான் செய்து வந்தாள். பாலர் பாடசாலையில் சொல்லிக்கொடுக்கிற பெண்; பழைய லேப்டாப் ஒன்றும், அதில் அன்னதானமும் வைத்திருந்தாள். இந்த வருஷம் தன் இசையைத்தான் போட வேண்டும் என்று ஜெயகுமார் ஒற்றைக் காலில் நின்றான். கோயில் கமிட்டித் தலைவர் மாரிசாமிக்கு இந்த வம்பு எதுவும் விளங்கவில்லை. "ரெண்டு பேரும் போட்டுக் காட்டுங்கப்பா, எது நல்லாருக்கோ அத எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

ஸ்பீக்கர் கட்டிய அன்று வேலை நாள். முஸ்தாக் பெரிய பெட்டிகளை மலையைப் பார்த்து அடுக்கியிருந்தான். வானம் மூடிக்கிடந்தது. மேல் மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், கருப்பம்மாவும் அங்கேதான்.

யசோதினி முதலில் போட்டாள். புல்லாங்குழல் ஒன்று, அடியில் தம்புரா, நடுநடுவே மணி. சாதாரண மெட்டு, ஆனால் கேட்டால் கை தானாகக் கும்பிடப் போகும். பாதியிலேயே ஜெயகுமார் மைக்கைப் பிடுங்கினான்.

"கேட்டுக்குங்க! இந்தக் கொழலு அன்னதானத்துல மொத பந்தி, மொத எல. இதே கொழலுதான் ஹாலிஎல கோயில்லயும், வெலிமடையில சிங்கள ஆளு கடத் தெறப்புலயும். தொட்டா வருது, எச்சி சோறு! இதப் போட்டு அம்மனையா கூப்புடுறீங்க?"

"அண்ணே, சனத்துக்குப் பாட்டுதான் வேணும். கொழல எவன் செஞ்சான்னா கேக்கப் போகுதுங்க?" என்றாள் யசோதினி.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன!" என்றான், அதையும் மைக்கிலேயே. மலை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. யசோதினிக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பைப் பட்டென்று மூடிக்கொண்டு கோயில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். முஸ்தாக்குக்கே சங்கடமாக இருந்தது. ஜெயகுமாருக்கு இல்லை. அவன் சத்தத்தை முழு அளவுக்குத் திருப்பி, பட்டனைத் தட்டினான்.

முனகல் எழுந்தது. வழுக்கி ஏறியது. உச்சியில் கரகரத்து நின்று, பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்தது. தேரில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் கயிற்றை அப்படியே விட்டுவிட்டான். மாரிசாமி நாற்காலியிலிருந்து எழுந்து, என்னவோ ஞாபகத்தில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஜெயகுமார் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். இந்தச் சனத்தை ஒரு சத்தத்தால் எழுப்பி நிறுத்திவிட்டானே! இன்னொரு தடவை தட்டினான், இன்னும் நீளமாக.

சற்று நேரத்தில் மேல் மலைக் குறுக்குப் பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, கூடையோடு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே பெண்கள் வேகமாக இறங்கி வந்தார்கள்.

"பாத்தியா முஸ்தாக்!" அவன் முஸ்தாக்கின் தோளைப் பிடித்து உலுக்கினான். "கேட்டுட்டு வருதுங்க. வேலைய விட்டுட்டு வருதுங்கடா!"

வந்த வரிசை கோயில் பக்கம் திரும்பவில்லை. நேரே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்க் கூடைகளை இறக்கியது. எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றவன் கங்காணி.

மாரிசாமி ஜெயகுமாரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா தம்பி, பெக்டரி சங்கு எப்ப ரிப்பேர் பண்ணினாங்க? அத எதுக்கு நீ இங்க ஊதுற?"

தேயிலைப் பெக்டரியின் சங்கு அது. மோட்டார் எரிந்து ஊமையாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கும் மாலை நிறுவைக்கும் அதுதான் ஊதும். கருப்பம்மா வயிற்றில் அவனைச் சுமந்துகொண்டு மலைக்கு ஏறியது அந்தச் சத்தத்துக்குத்தான். நெஞ்சுக்குள்ளிருந்து வந்ததாம், நெஞ்சுக்குள்ளிருந்து! பெக்டரிக்காரன் அங்கே வைத்ததை எடுத்துக்கொண்டு வந்து, எவனிடமும் இல்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறான் மடையன்.

"சங்கு இல்லங்க, இது வேற..." என்று தொடங்கினான். அவன் காதுக்கே இப்போது அது சங்காகத்தான் கேட்டது.

மடுவத்தில் ரகளையாகிவிட்டது. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் கத்தினார். ஒருத்தி கூடையும் நிறையவில்லை. நேரத்துக்கு முன்னால் மலையை விட்டு இறங்கியதற்கு எல்லாருக்கும் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான் என்றார். "சங்கு ஊதிச்சுங்க" என்றான் கங்காணி. "எந்தச் சங்கு? கெட்டுப்போன சங்கா?" திரும்ப மலைக்கு ஏறலாம் என்று பார்த்தால் அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திருவிழா வாரத்தில் அரைப்பேர் என்றால் வயிறு எரியாதா? பெண்கள் ஜெயகுமாரின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். அந்தத் தலைமுறைக்காரியும் அதே வரிசையில்தான் நின்றாள்.

கருப்பம்மா மகனிடம் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நல்லாருக்குடா. ஊரே ஒன்னயப் பத்திப் பேசணும்னுதானே கெடந்த? பேசுது பாரு" என்றாள். அடித்திருந்தால் அவனுக்குத் தேவலை.

சாயங்காலம் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெரிய கிளாக்கர் தனேஸ்வரன் கூப்பிடுகிறாராம். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். பெண்களும் கூடவே போய் ஆபீஸ் வாசலில் மழையில் நின்றார்கள்.

"இஞ்ச வாரும் தம்பி. உம்மட சத்தம் கீழ் டிவிசன் வரைக்கும் கேட்டதாம். மனேஜர் துரைக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு" என்றார் கிளாக்கர்.

ஜெயகுமாருக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சு நிமிர்ந்தது.

"மோட்டருக்கு எழுதி எழுதிக் களைச்சுப் போனம். இனி மோட்டர் தேவையில்லை. உந்தச் சத்தத்தைத் தாரும், ஒரு ஸ்பீக்கரைப் பூட்டிவிட்டா வாட்சர் பட்டனை அமத்துவான். தந்தீரெண்டா பொம்பிளையள் எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொல்லுறார்."

"ஐயா, அது சங்கு இல்லீங்க. மியூசிக்குங்க."

"மியூசிக்கோ? அப்ப ஏன் சனம் கூடையோட வந்தது?"

ஜெயகுமார் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்காமல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஆபீசை, அந்தக் கிளாக்கரை, தலை நனைந்து நிற்கும் அத்தனை பேரையும் அவன் வெறுத்தான். எல்லாரையும்விடத் தன்னை வெறுத்தான். பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தான். கிளாக்கர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, வெளியே பார்த்து, "முழுப்பேர், போங்கோ" என்றார்.

தேர் யசோதினியின் புல்லாங்குழலோடு கிளம்பியது. தண்ணிக் குழல்தான், அதே மொத பந்திதான். சனம் அரோகரா போட்டுக் கண்ணீர் விட்டது. ஜெயகுமார் ஸ்பீக்கர் வயரைப் பிடித்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தான். பிரசாதம் கொடுக்க வந்த யசோதினி அவன் கையில் இலையை வைத்துவிட்டு நின்றாள்.

"ஒங்க சத்தத்தப் பூட்டிட்டாங்களாமே அண்ணே. காலையில ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. ரொம்ப லேசாம். வாட்சருக்கு ஒண்ணுமே தெரியத் தேவையில்லையாம், தொட்டா வருதாம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இப்போதும் அந்தத் தோட்டத்தில் விடியுமுன் அது ஊதுகிறது. அடியில் முனகி, வழுக்கி ஏறி, உச்சியில் கரகரத்து நிற்கிறது. லயம் லயமாக விளக்கு எரிகிறது. தூக்கம் கலைந்த கோபத்தில் பிள்ளைகளை எழுப்புகிறவர்கள், "எந்திரி, ஜெயகுமாரு கத்திருச்சு" என்கிறார்கள். "சனியன், இந்த ஜெயகுமாரு இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கத்துனா என்னா" என்று பக்கத்து வீட்டில் யாரோ சபிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆளின் பெயர் என்றே தெரியாது.

கருப்பம்மா இருட்டில் கூடையைத் தேடி எடுத்து, படங்கை இடுப்பில் சுற்றிக் கட்டுகிறாள். மகன் போர்வைக்குள் விழித்துக் கிடப்பது அவளுக்குத் தெரியும்.

"ஜெயகுமாரு கத்திருச்சுடா," என்கிறாள் அவனிடமே. "நா போறேன்."