ஷெனாரோ கடையில் விட்டுவந்தவன்

பதினான்கு வருடமாக யாத்திரை வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சான் ஆந்த்ரேஸ் என்ற புனிதரின் கோயிலுக்கு நடக்கிறேன். ஃபெர்ரோல் துறைமுகத்தில் கிளம்பினால் மூன்றாம் நாள் சாயங்காலம் கபெலாதா மலையைத் தாண்டி, கடலை ஒட்டிய அந்தக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். உயிரோடு இருப்பவர்களால்தான் எனக்குத் தலைவலி. ஒருத்திக்குக் குதிகாலில் கொப்புளம், ஒருவருக்கு மூலம், இன்னொருவருக்கு நேற்றைய மெத்தை சரியில்லை. செத்தவர்கள் அப்படியில்லை. கூப்பிட்டால் வருவார்கள், காட்டிய இடத்தில் உட்காருவார்கள், எதற்கும் முணுமுணுக்க மாட்டார்கள்.

இதை நான் எல்லாக் கூட்டத்திடமும் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். ஒரு தடவையாவது அங்கே போகாமல் கண்ணை மூடியவர்களுக்கு நிம்மதி கிடையாது என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறோம். பல்லியாகவோ தேரையாகவோ ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் வந்து சேர வேண்டுமாம். அந்தக் கஷ்டம் வேண்டாமென்று வீட்டு மனிதர்கள் கல்லறைக்குப் போய்ப் பேர் சொல்லி அழைத்துக் கூடவே நடத்திப் போவார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கும் ஒரு தட்டு, படுத்தால் அவருக்கும் ஒரு கட்டில். ஒவ்வொரு இடத்திலிருந்து கிளம்பும்போதும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். கோயிலில் விடை கொடுத்துவிட்டால் அத்தோடு சரி, அப்புறம் யார் கூடவும் வர மாட்டார்.

இந்தச் செப்டம்பரில் ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் எலாடியோ. அலை அடிக்கும் பாறைகளில் இறங்கிப் பெர்செபெஸ் என்கிற ஒட்டுச்சிப்பிகளைச் சுரண்டி விற்றவன், முப்பத்தாறு வயது. ஜனவரியில் ஒரு அலை அவனைக் கொண்டுபோய், மூன்றாம் நாள் கரையில் திருப்பிக் கொடுத்தது. அவனுடைய அம்மா ஒப்துலியாவும் சித்தி பெனிக்னாவும் அவனைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள்.

முதல் நாள், வழியிலிருக்கும் அவர்கள் ஊரான வல்தோவிஞ்ஞோவின் கல்லறையில் ஒப்துலியா அழவில்லை. கதவைத் தட்டுவது போல விரல் முட்டியால் கல்லை மூன்று தடவை தட்டினாள்.

"எலாடியோ, எந்திரி. சான் ஆந்த்ரேஸுக்குப் போறோம். நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்க."

பிறகு என் கையைப் பிடித்தாள். "எனக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தி மகளே. நான் கூப்பிட மறந்தா நீ ஞாபகப்படுத்து. அவன் உக்காருன்னா உக்காந்தே இருப்பான். சின்னதுலேருந்தே அப்படித்தான்."

"என் கணக்குல பத்துப் பேரும்மா. பத்தையும் எண்ணாம நான் கிளம்ப மாட்டேன்" என்றேன். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதுமே அதிகம்.

அவள் வழியெல்லாம் அவனோடு பேசிக்கொண்டே வந்தாள். முள்ளைப் பார்த்து நட, இந்த வீட்டு நாய் கடிக்கும், அந்தப் பக்கம் பார், உன் அப்பா கப்பல் வேலைக்குப் போகும் முன்னால் கட்டிய சுவர். சாப்பாட்டு நேரத்தில் அவன் தட்டில் முதலில் பரிமாறிவிட்டுத்தான் தன் தட்டைத் தொட்டாள். மூன்றாம் நாள் காலையில் அவளைப் பார்த்தால் பத்து வயது குறைந்தவளாகத் தெரிந்தாள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபூகோவுக்கு யாரையும் சீண்டாமல் இருக்க முடியாது.

"என்ன ஒப்துலியா, கன்னமெல்லாம் செவந்திருக்கு. ராத்திரி யாராச்சும் பொண்ணு கேட்டு வந்தாங்களா?"

"என் பையன் நேத்து வயிறாரச் சாப்பிட்டான். அதான்."

ஃபூகோ அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானச் சாப்பாடு மலையடிவாரத்தில் ஷெனாரோவின் கடையில். கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு, சோள ரொட்டி, சிவப்பு ஒயின். சாப்பிட்டு முடித்து முதுகுப்பைகளை மாட்டும்போது ஒப்துலியாவுக்கு முகம் வெளுத்து, நெற்றி வேர்த்தது. நெஞ்சுக்கு மாத்திரை போடுகிறவள். ஒரு மாத்திரையை நாக்கின் கீழ் வைத்துப் படுக்கச் சொன்னோம். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள், ஆனால் அந்த ஏற்றம் அவளால் ஆகாது. ஷெனாரோ ஜீப்பைக் கொண்டுவந்தான். அவளையும் பெனிக்னாவையும் ஏற்றி, மலை உச்சியில் பாதையும் ரோடும் சேரும் இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன். ஜீப் போனதும் மற்றவர்களை விரட்டிக்கொண்டு ஏறினேன். ஐந்தரைக்குப் பூசை, ஆறரைக்குப் பஸ். என் மண்டையில் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உச்சியில் மூடுபனி வரத் தொடங்கியிருந்தது. யாத்திரிகர்கள் போட்டுப்போட்டு உயர்ந்த கற்குவியல் ஓரம் ஒப்துலியா உட்கார்ந்திருந்தாள். பெனிக்னா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் கேட்டாள்.

"எலாடியோவை யாரு கூப்பிட்டா?"

ஜீப்பில் ஏற்றும் அவசரத்தில் அவன் பேரை நான் நினைக்கவே இல்லை. பதினான்கு வருடத்தில் ஒருவரைக்கூட வழியில் விட்டதில்லை என்று பீற்றிக்கொண்டவள் நான்.

"அவன் பாறையில ஏறி இறங்கின பையன். தானா வந்துடுவான்" என்றார் ஃபூகோ, சமாதானம் சொல்கிறவராக.

"வாயை மூடுங்க. கூப்பிடாம ஒருத்தரும் வந்ததில்ல. இனிமே கல்லறைக்கும் திரும்ப முடியாது, கோயிலுக்கும் வர முடியாது. சாப்பாட்டுக் கடையில, சீட்டாடறவங்க நடுவுல, நாதியத்தவனா உக்காந்திருக்கணுமா என் அக்கா பிள்ளை?" பெனிக்னாவின் குரல் உடைந்தது.

ஒப்துலியா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "விடு பெனிக்னா. நேரமாச்சு. எல்லாரும் நடங்க."

எங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று சொல்கிறாள் என நினைத்தேன். அது என்னை இன்னும் சுட்டது. ஃபூகோவிடம் கூட்டத்தை ஒப்படைத்துக் கோயிலுக்கு அனுப்பினேன். நான் திரும்பிப் போய்க் கூட்டி வருகிறேன் என்றபோது பெனிக்னா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ கூப்பிட்டா அவன் உன் பின்னாடிதான் வருவான், பாத்துக்க. பேசிக்கிட்டே வா. பேச்சை நிறுத்தினா நின்னுடுவான்."

மூன்று கிலோமீட்டர் இறக்கம். எனக்கு இடது முட்டி சரியில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்தேன். என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனேன். நான் இதையெல்லாம் நம்புகிறவளா என்று அதுவரை யாராவது கேட்டிருந்தால் தோளைக் குலுக்கியிருப்பேன். இப்போது என் பயமெல்லாம், மேசையைத் துடைத்து நாற்காலியை மாற்றிப் போட்டிருந்தால் அவனை எங்கே தேடுவது என்பதுதான்.

கடையில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், அதே மேசையில். எலாடியோவுக்குப் போட்ட நாற்காலியில் ஒரு தடித்த மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன டொரிந்தா, எதையாச்சும் விட்டுட்டியா?" என்றான் ஷெனாரோ.

"ஒருத்தரை விட்டுட்டேன்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. டிவியை அணைத்தான். தடித்த மனிதர் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கப்பா. தெரியாம உக்காந்துட்டேன்" என்று அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

எத்தனையோ பேர் தங்கள் மனிதர்களைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன், நானாக ஒருவரையும் கூப்பிட்டதில்லை. "எலாடியோ, கிளம்புறோம்ப்பா. அம்மா மேலே காத்திருக்காங்க" என்றேன். ஷெனாரோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். நான் வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏறும்போது பேசினேன். முதலில் கூச்சமாக இருந்தது. வேலி, பள்ளம், சேறு என்று சொல்லிக்கொண்டு போனேன். பிறகு என் முட்டியைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அந்த ஜனவரித் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதென்று நொந்துகொண்டேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

கற்குவியலருகே அக்காவும் தங்கையும் ஒரே பிளாஸ்டிக் மழைப்போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒப்துலியா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"கூட்டிட்டே வந்துட்டியா" என்றாள்.

அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

"ஜீப்புல ஏறும்போது அவன் பேரு வாய் வரைக்கும் வந்துச்சு. நான்தான் முழுங்கிட்டேன்."

"அக்கா" என்றாள் பெனிக்னா.

"மூணு நாளா எங்கூடச் சாப்பிட்டான். எம் பக்கத்துக் கட்டில்ல தூங்கினான். எட்டு மாசம் கழிச்சு எனக்குன்னு ஒரு பேச்சுத் துணை. இன்னிக்குச் சாயங்காலத்தோட கொண்டுபோய் விட்டுட்டு வாடின்னா, நான் எங்கே போவேன்? அந்தக் கடையில இருந்தான்னா பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போலாம். ஒரு சூப்பு வாங்கி முன்னாடி வெச்சிட்டு உக்காந்திருக்கலாம்."

"அவன் தவிச்சுப் போவானேக்கா."

"தெரியும். பெத்தவ நான், தெரிஞ்சுதான் விட்டேன். என்ன மாதிரித் தாயின்னு நீ கேக்க வேணாம். உச்சிக்கு வந்ததிலேருந்து நானே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நானும் பெனிக்னாவும் ஆளுக்கொரு கை பிடித்து அவளை எழுப்பினோம். அவள் என் கையை உதறிவிட்டாள்.

"நீதானே கூப்பிட்டே. இப்ப உன் பின்னாடிதான் வருவான். நீயே கொண்டுபோய் விடு. என்னால ஆகாது."

நான் பேசிக்கொண்டே முன்னால் இறங்கினேன். இரண்டு கிலோமீட்டர். அவள் பெனிக்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மூன்று நாளாக ஓயாதவள், ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் சுவரருகே வந்ததும் நின்று, கோயிலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

பூசை நடந்துகொண்டிருந்தது. நான் வாசற்படியில் ஏறினேன். உள்ளே என் ஏழு பேரும் நனைந்த உடையோடு கடைசி பெஞ்சில் இருந்தார்கள். "எலாடியோ, வந்து சேந்துட்டோம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் இருக்கிறது. போய் வா என்கிற சொல். அதைச் சொல்ல நான் யார்? அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எவ்வளவு முயன்றும் வாய் வரவில்லை. திரும்பி வந்தேன்.

"போயிட்டானா?" என்று கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இல்லம்மா. வாசல்லயே நிக்கிறான். உங்களைத் தேடுறான்."

நான் பொய் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடிபட்ட மாட்டிடமிருந்து வருமே, அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பெனிக்னா தாங்கிப் பிடிக்கப் போனாள். ஒப்துலியா அவளை விலக்கிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வாசலுக்கு நடந்தாள். உள்ளே போய் நடுப்பாதையில் நின்றாள்.

"எலாடியோ, இங்கேதான்டா இருக்கேன்" என்றாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அம்மா உன்னை வேணும்னேதான் விட்டுட்டு வந்தேன். மனசுல வெச்சுக்காதே. போ கண்ணு. நேரா போ." மூச்சு வாங்கினாள். "வீட்டுக்குப் போனதும் நான் கூப்பிடுவேன். தினம் கூப்பிடுவேன், எனக்குத் தெரியும். நீ வராதே."

பாதிரியார் பூசையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நடுப்பாதையிலேயே மண்டியிட்டுவிட்டவள் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.