சிக்கு வாடை அடித்த தீனி

பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு ஆய்வகத்துக்குள் நுழைந்த லோரெட்டாவின் கண்ணில் முதலில் பட்டது மேஜைமேல் இருந்த கிரிங்கில் என்ற இனிப்பு ரொட்டிதான். பெக்கான் பருப்பு வைத்தது. பதினெட்டு வருஷமாக இங்கே மாரடிக்கிறாள், அவளுக்காக ஒருநாளும் யாரும் கிரிங்கில் வாங்கியதில்லை. நேற்று வேலைக்கு வந்த இளம் ஆய்வாளர் மார்னிக்கு ஆய்வு நிதி கிடைத்ததற்கு ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹாகன் தன் கையால் வாங்கி வந்திருக்கிறார்.

"ஒரு துண்டு எடுத்துக்கோ லோரெட்டா!" என்றார் அவர்.

"வேணாம் டாக்டர், வயிறு சரியில்ல." வயிறு எரிகிறது என்று சொல்லியிருந்தால் அது உண்மை.

மார்பில் புற்றுக்கட்டி வந்த சுண்டெலிகள். ஒரு கூட்டத்துக்குச் சோள எண்ணெய்த் தீனி, இன்னொன்றுக்கு மீன் எண்ணெய்த் தீனி. தின்கிற கொழுப்பு செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் போய் உட்காருகிறது. "வளரு, பெருகு" என்ற உத்தரவை செல் வாங்கிக்கொள்வதும் அந்தச் சவ்வில்தான். ஒரு கொழுப்பு அந்த உத்தரவைத் தூண்டிவிடுகிறதா, இன்னொன்று அடக்குகிறதா? இதுதான் ஆய்வு. இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவள் லோரெட்டா. பெயர் வாங்கப்போகிறவள் மார்னி. எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை எலி அறைக்குப் போன லோரெட்டா ஒரு கூண்டைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். சிக்கு வாடை. மீன் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். அந்தத் தீனியை உறைபெட்டியில் வைத்து, தினம் புதிதாகப் போட வேண்டும். மார்னி இதற்குமுன் வேலை பார்த்த இடத்தில் சோள எண்ணெய்த் தீனி மட்டும்தான்; அது நாள்கணக்கில் தாங்கும். அந்தப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமை போட்டதை அப்படியே விட்டுப் போயிருக்கிறாள். எலிகள் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

"என்ன லோரெட்டா, ஏதாவது பிரச்சனையா?" பின்னால் மார்னி.

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணுமில்லையே. உன் எலிங்க ஜோரா இருக்கு" என்றாள் லோரெட்டா. மண்ணைக் கவ்வட்டும், அப்போது தெரியும் சேதி என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

நடந்ததோ தலைகீழ். வசந்தத்தில் அளந்து பார்த்தால், மீன் எண்ணெய் எலிகளின் கட்டிகள் பாதிதான் இருந்தன! லோரெட்டாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வாரா வாரம் கெட்ட தீனியை ஒதுக்கி அரைப்பட்டினி கிடந்த எலிக்குக் கட்டி சரியாக வளராது. கட்டியைக் குறைத்தது எண்ணெயா பசியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மார்னிக்கோ ஒரே பாராட்டு. மார்பகப் புற்றுநோயாளிகளைக் கூட்டி அவளை மேடையில் பேச வைத்தார் டாக்டர். இப்போது உண்மையைச் சொன்னால், அப்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பார்கள். பொருமிக்கொண்டே லோரெட்டா சும்மா இருந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வறுத்த மீன் சாப்பிட அக்கா வெர்னாவோடு போனாள். போன வருஷம்தான் வெர்னாவுக்கு மார்பில் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நோய் திரும்பாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை.

"அடியே, அந்த மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றாள் வெர்னா, எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே. "மூட்டு மூட்டா வலிக்குதுடி. இப்போ மீன் எண்ணெய்தான். உங்க ஆய்வகத்துப் பொண்ணு மார்னி கூட்டத்துல என்னமா பேசினா! நீயும் இருக்கியே இத்தனை வருஷமா."

லோரெட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, அந்த எலிங்க பட்டினி கிடந்துச்சு. தீனி கெட்டுப்போச்சு. அந்த முடிவை நம்பாத!"

"போடி! சின்ன வயசுலயே என் புதுச் சட்டையப் பாத்தா உனக்குக் காய்ச்சல் வரும். இப்போ அவளப் பாத்து வருது. பொறாமைல உளறாத."

எவ்வளவு மன்றாடியும் வெர்னா மசியவில்லை. இவள் சொல்லை நம்ப மாட்டாள் என்றால், இனி ஒருத்திதான் சொல்ல வேண்டும்.

மறுநாளே மார்னியின் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். மார்னியின் முகம் வெளுத்தது.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

மார்னி கத்தவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வாங்க, மொதல்ல உங்க அக்காவப் பாப்போம். அப்புறம் டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

வெர்னாவின் சமையலறையில் நின்று மார்னி சொன்னாள்: "நான் சொன்னது தப்பும்மா. தீனி கெட்டதை நான் கவனிக்கல. இனி ஆய்வ முதல்லேருந்து செய்யணும். முடிவு நல்லாவே வந்தாலும் எலிக்கு வந்தது உங்களுக்கும் வரும்னு இல்ல. மீன் சாப்பிடுங்க, நல்லது. ஆனா அது மாத்திரைக்குப் பதிலாகாது. வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

வெர்னா தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ எப்போடி கண்டுபிடிச்சே?"

"பனிக்காலத்துலயே."

"அப்போ சொல்லியிருந்தா அந்தக் கூட்டமே நடந்திருக்காதே. எனக்குத் தங்கச்சி நீ இருக்கே, ஓடி வந்து சொன்னே. அந்த மண்டபம் நெறைய உக்காந்திருந்தாளுங்களே, அவளுங்களுக்கு யாருடி இருக்கா?"

லோரெட்டா அழுதுகொண்டே சொன்னாள்: "இவ ஒருத்தி பேருதான் கெடும்னு நெனச்சேன் அக்கா. பொறாமைல மறைச்ச உண்மை நாம வெறுக்கிற ஆளோட நிக்காது. முகம் தெரியாத நோயாளியத்தான் போய்ச் சாய்க்கும்."

"இங்க அழாத. இப்போ சொன்னத அந்த மேடைல ஏறி அவளுங்ககிட்டச் சொல்லு" என்றாள் வெர்னா.