வியாழக்கிழமை ஐந்து வரி

ஊரடங்கு தொடங்கிய இரண்டாவது வாரம் நகர நூலகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வீட்டுக்குள் இருப்பவர்கள் அன்றாடம் நடப்பதை எழுதி வைக்க வேண்டும். பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அது போதும். எல்லாம் முடிந்த பிறகு வாங்கிப் பாதுகாப்போம் என்றது.

நான் வேதியியல் முடித்திருந்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டிய தேதி தள்ளிப்போய் வீட்டில் இருந்தேன். பேசாமல் செய்யக்கூடிய எந்த வேலையும் எனக்குப் பிடிக்கும். ஒத்துக்கொண்டேன்.

கல்லூரி ஆய்வகத்தில் எங்களுக்கு இரண்டு நோட்டு. ஒன்று ரஃப் நோட்டு. அதில் கறை இருக்கும், அடித்தல் இருக்கும், கண்ணால் பார்த்த அளவு மட்டும் இருக்கும். மற்றது ரெக்கார்டு நோட்டு. கோடு போட்டு அழகாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது. ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் அன்றைய அளவை முன்னும் பின்னும் பார்த்து நாங்களே போட்டுக்கொள்வோம். எல்லோரும் செய்வதுதான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேலேயே விழுந்தால் மாட்டிக்கொள்வோம். ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி.

நூலகத்துக்கும் அதேபோல இரண்டு நோட்டு வைத்தேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். அம்மாவுக்கு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. ஊரடங்கிலும் விடுமுறை கிடையாது. எட்டு மணிக்குப் போனால் ஐந்துக்கு வருவாள். நான் சன்னலை ஒட்டி மேசையைப் போட்டு, தெருவைப் பார்த்து எழுதினேன். எத்தனை ஆம்புலன்ஸ் போயிற்று, எந்தக் கடை எப்போது பாதிக் கதவைத் திறந்தது, கீழே யார் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள் என்று.

எதிர்க் கட்டடத்தில் அதே மாடியில் ஒருவர் தனியாக இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். அறுபதை நெருங்கியிருப்பார். அம்மா அவரைக் கண்ணாடிக்காரம்மா என்பாள். நான்கு வருடமாக எதிரெதிர் சன்னல். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் காலை பத்து ஐந்துக்கு அவர் சன்னலில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கான கண் அட்டை. எழுத்து கிடையாது. மூன்று பல் மட்டும் மிஞ்சிய சீப்பு போல ஒரு குறி, எட்டு வரியில், கீழே போகப்போகச் சிறிதாகும். பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். அவர் விரல் வைத்தார். நான் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கையை மேலே காட்டினேன். அடுத்தது வலது. அடுத்தது கீழே. ஆறாவது வரியில் தப்பு செய்தேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையில் அடித்துக்கொண்டார். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும் பத்து ஐந்து. நோட்டில் குறித்தேன்: கண் அட்டை, தூரம் சுமார் ஆறு மீட்டர், ஐந்து வரி சரி. மறுநாள் ஆறு.

மாலையில் அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னிக்கு எத்தன வரிடீ?"

"ஆறும்மா."

"பாத்துடீ. எட்டும் படிக்கலேன்னா உனக்கு ஒரு கண்ணாடிய மாட்டி விட்டுடுவாங்க. கடை மூடியிருந்தாலும் வியாபாரம் நடக்கணும்ல." கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே தொடர்வாள். "நாலு வருஷமா அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசல. இப்ப கையால கத பேசுற. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

இருபத்து மூன்று நாட்கள் இப்படிப் போயிற்று. இருபத்து நான்காவது நாள், ஒரு திங்கட்கிழமை, அவர் அட்டையைத் தூக்கவில்லை. காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் தூக்கினார். மேல் வரியில் ஐந்து எண்கள், அடுத்த வரியில் ஐந்து எண்கள், அதற்கும் கீழே "பேசலாமா?" என்று. கண் அட்டை போலவே வரிக்கு வரி சிறிதாக எழுதியிருந்தார். எல்லா வரியும் எனக்குத் தெரிந்தது. கை பழக்கத்தில் பத்து எண்களையும் ரஃப் நோட்டில் எழுதியது. அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் காதருகே வைத்துக் காட்டினார்.

யாரிடமாவது தொலைபேசியில் பேச வேண்டும் என்றாலே கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். என்ன சொல்வது? 'சன்னல்ல நிக்கிற பொண்ணு பேசறேன்' என்றா? முகம் சுட்டது. சன்னல் திரையை இழுத்து மூடினேன்.

நாளைக்கு அழைக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் திரையைத் திறந்தால், நேற்று ஏன் அழைக்கவில்லை என்று கேட்கிற முகம் எதிரில் இருக்கும். திறக்கவில்லை. புதன்கிழமை இரண்டு நாட்களுக்கும் சேர்த்துக் காரணம் தேட வேண்டியிருந்தது. வியாழனும் வெள்ளியும் மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் தெருவிலேயே நின்றது. அப்போதுதான் திரையை விலக்கினேன். உடம்பு முழுக்க வெள்ளை உடை போட்ட இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று அவருடைய கீழ்வீட்டுக்காரர் தெருவில் நின்று சொன்னார்.

அம்மா அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெனமும் பாத்துட்டு இருந்தியே. உனக்கு ஒண்ணுமே தெரியலியாடீ? வெள்ளிக்கிழமகூட அட்டை காட்டினாங்களா?"

"ம்" என்றேன்.

பொய் அந்த ஒரு எழுத்தில் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து நூலகத்துக்காக ரெக்கார்டு நோட்டு எழுதும்போது அது வளர்ந்தது. ரஃப் நோட்டில் அந்தத் திங்கட்கிழமைக்குக் கீழே பத்து எண்களும் 'திரை மூடினேன்' என்பதும்தான் இருந்தன. அப்புறம் நான்கு நாள் வெற்று. அறுபத்து மூன்று நாட்களில் ஐந்து நாள் ஓட்டையாக இருந்தால், ஏன் என்று யாராவது கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். திங்கள் ஆறு வரி. செவ்வாய் ஆறு. புதன் ஏழு. வியாழன் ஐந்து, அவர் சிரித்ததில் அட்டை ஆடியது. வெள்ளி ஆறு.

வியாழன்தான் நான் தள்ளி வைத்த புள்ளி. அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, நல்ல பேனாவில், கோடு போட்டு எழுதினேன்.

ஒன்றரை வருடம் போயிற்று. நூலகம் எங்கள் நோட்டுகளைக் காட்சிக்கு வைத்தது. அம்மா கிடங்கு முழுக்கச் சொல்லி, ஆறு பேரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அடுத்த வாரம் நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடிக்காரம்மாவின் மகள் நோட்டைப் படித்தாராம். என்னைப் பார்க்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தன் அம்மாவைப் போலவே உதட்டைப் பிதுக்கும் பழக்கம். வேறு ஊரில் வேலை. பூட்டிக் கிடந்த வீட்டைக் காலி செய்ய இப்போதுதான் மனம் வந்ததாம்.

"நீதானா அது? அம்மா போன்ல சொல்லுவா. எதிர்ல ஒருத்தி இருக்கா, வாயே கெடையாது, கண்ணு மட்டும் கழுகு மாதிரின்னு."

"வாய் இருக்குங்க," என்றாள் அம்மா. "சாப்பிட மட்டும் தொறப்பா."

அவர் சிரித்தார். அம்மா கொடுத்த காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம எனக்கும் எங்கம்மாவுக்கும் போன்ல சண்ட. எப்படியாவது அனுமதி வாங்கி எங்கிட்ட வந்துடுன்னேன். வரமாட்டேன்னா. அப்ப அங்கயே தனியா கெடன்னு சொல்லி போன வச்சுட்டேன். செவ்வாக்கிழம கூப்பிட்டேன், எடுக்கல. எனக்கும் வீம்பு, விட்டுட்டேன். வெள்ளிக்கிழமதான் பயம் வந்து, கீழ்வீட்டுக்காரருக்குப் பேசிக் கதவத் தட்டச் சொன்னேன். தட்டியும் தெறக்கலன்னு மறுநாள்தான் கதவ ஒடைச்சாங்க. டாக்டர் சொன்னாரு, மூணு நாலு நாளாவே எந்திரிக்க முடியாம கெடந்திருப்பாங்கன்னு."

அம்மா 'ச்சு' கொட்டினாள்.

"ஒன்றர வருஷமா அதுதான் மண்டைக்குள்ள. போன எடுக்காதது கோவமா, முடியலியான்னு. உன் நோட்டப் படிச்சேன். வியாழக்கிழம சிரிச்சிருக்கா! அட்டை ஆடுற அளவுக்கு!" நல்ல செய்தி சொல்பவர் போல என் கையைப் பிடித்தார். "அப்ப கோவம்தான். எங்கம்மா கோவத்துலதான் எடுக்கல. அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

"இவதான் அப்பவே சொன்னாளே," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெள்ளிக்கிழம வரைக்கும் காட்டினாங்கன்னு."

இந்த முறை என்னால் 'ம்' கூடச் சொல்ல முடியவில்லை. பேசாதது என் சுபாவம் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். வெட்கப்படுகிறவளுக்கு அது ஒரு வசதி.

போகும்போது வாசலில் திரும்பினார். "அந்த அட்டை கெடச்சுதும்மா. நாளைக்குப் பத்து அஞ்சுக்கு நான் சன்னல்ல நிக்கறேன். ஒரே ஒரு தடவ. எனக்காகச் செய்வியா?"

"செய்வா, செய்வா. இதுக்கென்ன, காசா பணமா?" என்றாள் அம்மா.

மறுநாள் அம்மா வேலைக்குப் போய்விட்டாள். நான் பரிசோதனைக் கூடத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். பத்து ஐந்துக்கு அவர் எதிர்ச் சன்னலில் வந்து நின்றார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு பார்த்துத் திருப்பினார். முதல் வரியில் விரல் வைத்தார். நான் கையை மேலே காட்டினேன். இரண்டாவது, வலது. அவர் தலையாட்டினார். மூன்றாவது வரியில் விரல் வைத்தபோது அட்டை லேசாக ஆடியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதிய வியாழக்கிழமை அப்படியே எதிரில் நின்றது. கை எழவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து அட்டையைச் சன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். விரலை எடுக்காமல் காத்திருந்தார்.

மேசை இழுப்பறையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவின் குறுக்கே நடக்க இருபது அடிகூட ஆகவில்லை.

அந்த வீட்டுக்குள் அன்றுதான் முதல் தடவை போனேன். எங்கும் அட்டைப் பெட்டிகள்.

"என்ன, மூணாவது வரிக்கே நின்னுட்ட? கழுகுக் கண்ணு என்னாச்சு?"

"அக்கா, அந்த அஞ்சு நாள் நான் பாக்கல."

"எந்த அஞ்சு நாள்?"

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். திரைய மூடி வச்சிருந்தேன். நோட்டுல இருக்கறது நானா போட்டது."

"போட்டதுன்னா?"

"முன்னாடி நாளெல்லாம் பாத்து... அதே மாதிரி எழுதிட்டேன்."

"சிரிச்சது?"

"அதுவும்."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். நான் ரஃப் நோட்டைத் திறந்து நீட்டினேன். தேதியைப் பார்த்தார். எண்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இது அம்மா நம்பர்."

"திங்கக்கிழம காலையில எழுதிக் காட்டினாங்க. பேசலாமான்னு கேட்டாங்க."

"கூப்பிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் கூசியது. "வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலாம். அவர் சன்னல் பக்கம் திரும்பினார். எங்கள் சன்னல் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மேசை தெரிந்தது. மேசையில் நான் மூடாமல் விட்ட பேனா தெரிந்தது. ஓரமாக ஒதுக்கிய திரையில் பூக்கள்கூடத் தெரிந்தன.

"அஞ்சு நாளும் அது மூடியிருந்துச்சா?"

"ஆமாக்கா."

பிறகு நோட்டை என்னிடம் கொடுத்தார். "இதையும் லைப்ரரில குடு. அந்த அழகு நோட்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்லு."

"சரிக்கா."

"உங்க அம்மாகிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அட்டையைப் பெட்டியில் போட்டு டேப்பை இழுத்து ஒட்டினார். முனையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மேலும் இரண்டு பெட்டி ஒட்டும்வரை நின்றிருந்துவிட்டு இறங்கிவந்தேன்.

மூடுவதற்குள் நூலகத்துக்குப் போனேன். கொடுத்ததை மாற்ற முடியாது, பக்கத்தில் சேர்க்கலாம் என்றார்கள். ரஃப் நோட்டைக் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். நான்கு வரிதான், ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஐந்து மணிக்கு அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், அந்தப் பழைய குரலில், சிரித்துக்கொண்டு.

"இன்னிக்கு எத்தன வரிடீ?"

"ரெண்டு," என்றேன். "கைய கழுவிட்டு வந்து உக்காரும்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."